இல்லாத நாட்டின் சட்டம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காகச் செய்திமடலில் வெளியிடப்படுகிறது.)



புதிய குற்றவியல் சட்டங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் வக்கீல் இல்லை. 34 வருஷம் மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் கோர்ட்டுகளில் வேலை பார்த்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். கட்டுகளைத் தைத்தவன், வாய்தா தேதி எழுதியவன். அந்த அனுபவத்தோடு பேசுகிறேன்.

இரண்டு சட்டங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று, 2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது. இன்னொன்று எந்த நாட்டிலும் இல்லாதது. ஆனால் அந்த இல்லாத சட்டத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் இன்று கைதாகிக்கொண்டிருக்கிறோம்.

போன வருஷம் ஒரு காலையில், தெரியாத எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியது என் அக்கா. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி மொட்டை மாடியிலிருந்து பேசினாள். குரலே வரவில்லை.

"தம்பி, உங்க அத்தானை அரெஸ்ட் பண்ணிட்டாங்கப்பா."

வேலை பார்த்த பழக்கம் போகுமா? "எந்த ஸ்டேஷன்க்கா?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் இல்லடா. வீட்லதான். ரூம்ல இருக்காரு. ரெண்டு நாளாச்சு."

அத்தான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது 73. ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அப்படிப்பட்டவர் தன் வீட்டுப் படுக்கையறையில், செல்போனை மேஜையில் சாத்தி வைத்து, கேமரா முன்னால் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தார். கழிவறைக்குப் போகக்கூட அனுமதி கேட்டுப் போனார். மணிக்கு ஒருதரம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். பால்காரர் மணியடித்தால் அக்கா கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டு சாத்தினாள். அவளும் வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு.

அவர் பேரில் வாங்கிய சிம்மை வைத்து மும்பையில் பண மோசடி நடந்திருக்கிறது என்று முதலில் ஒரு குரல். அது "மும்பை போலீஸ்" என்று இன்னொருவருக்கு இணைப்பை மாற்றியது. வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, மேஜையில் பெயர்ப் பலகை. அரை மணியில் "சி.பி.ஐ." வந்தது. சாயந்திரம் உச்ச நீதிமன்ற முத்திரையோடு ஒரு காகிதம் வந்தது. அத்தான் அதை இரண்டு தரம் படித்தாராம். இங்கிலீஷில் பிழை இருந்ததைக்கூடக் கவனித்தாராம். வாத்தியார் அல்லவா! கவனித்தும் நம்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் தவணைப் பணம் போய்விட்டது. எவ்வளவு என்று இங்கே சொல்லவில்லை. அக்காவுக்கு அது பிடிக்காது. வைப்புத் தொகையை உடைக்க வங்கிக்குப் போனபோது, சட்டைப் பையில் போன் இணைப்பிலேயே இருந்திருக்கிறது. என்ன சார் அவசரம் என்று கேட்ட பெண்ணிடம், மகனுக்கு வீடு வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் பொய் சொல்லாத மனிதர். அவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கிறார்.

அன்று முதல் இதை நான் ஒரு தனி நாடாகவே பார்க்கிறேன். அந்த நாட்டுக்குப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, ரிசர்வ் வங்கி இருக்கிறது. சொந்த மொழியும் இருக்கிறது: டிஜிட்டல் அரெஸ்ட், ஃபண்ட் வெரிஃபிகேஷன், நேஷனல் சீக்ரெட், கிளியரன்ஸ் சர்டிஃபிகேட். கேட்கும்போது எல்லாம் எங்கேயோ கேட்ட சொல் மாதிரியே இருக்கும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது.

நம் அத்தான் மட்டும் ஏமாந்துவிடவில்லை. 2024-ல் லூதியானாவில் வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 80 வயதைத் தாண்டியவர், 7 கோடி ரூபாயைக் கொடுத்தார். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒன்றையே வீடியோவில் நடத்தினார்கள். தலைமை நீதிபதியாகவும் ஒருவன் நடித்தான். நூறு வக்கீல்களை வேலைக்கு வைக்க வசதியுள்ளவர்! ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. ஏனென்றால் அந்த நாட்டில் வக்கீல் கிடையாது.

அந்த நாட்டின் சட்டத்தை நம் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நம் சட்டம் எதைக் கட்டாயம் என்கிறதோ, அதையே அந்தச் சட்டம் தடை செய்திருக்கும்.

முதலில் கைது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் 43-வது பிரிவு சொல்கிறது: கைது செய்யும் போலீஸ் அதிகாரி அந்த ஆளின் உடலைத் தொட வேண்டும், அல்லது அடைத்து நிறுத்த வேண்டும். அவராகவே வார்த்தையாலோ செய்கையாலோ காவலுக்கு உட்பட்டால் தொட வேண்டியதில்லை. பெண்ணாக இருந்தால், பெண் அதிகாரி தவிர வேறு யாரும் பொதுவாகத் தொடக் கூடாது. தொட வேண்டும் அல்லது அடைத்து நிறுத்த வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் விதி. வார்த்தையால் உட்படலாம் என்றால் போனிலேயே உட்படலாமே என்று நம் கூட்டத்தில் ஒரு புத்திசாலி கேட்பார். காவலுக்கு உட்பட, காவலில் எடுக்கும் ஆள் எதிரே நிற்க வேண்டும். மும்பையில் இருப்பவன் விளாங்குடியில் இருப்பவரைத் தொட முடியாது. ஆக, டிஜிட்டல் அரெஸ்ட் என்பது கைதே அல்ல.

அடுத்தது, யாரிடமும் சொல்லாதே என்ற உத்தரவு. நம் சட்டத்தில் கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வது போலீஸின் கடமை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எங்கள் பெஞ்ச் கோர்ட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகூட ரிமாண்டுக்குக் கொண்டுவருவார்கள். மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் போலீஸ் வேன் நிற்கும். எவ்வளவு அலுத்துக்கொண்டிருப்போம்! அந்த 24 மணி நேரம் எவ்வளவு பெரிய வேலி என்பது அத்தான் வீட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், அதுவும் அந்த நபருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லியிருக்கிறது. எல்லாக் குற்றங்களுக்கும் இது பொருந்தும். யாராவது உங்களை இந்தியில் மிரட்டினால், "தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம் கூட்டத்தில் நரைத்த தலைகள் அதிகம் என்பதால் இதையும் சொல்கிறேன். சாட்சி விசாரணைக்கு 60 வயதுக்கு மேற்பட்ட ஆணையோ, எந்த வயதுப் பெண்ணையோ, உடல் ஊனமுற்றவரையோ, கடுமையான நோயாளியையோ ஸ்டேஷனுக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும். பழைய சட்டத்தில் ஆண்களுக்கு 65 என்று இருந்தது, இப்போது 60. மூன்று வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல்நிலை சரியில்லாதவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

பணம் என்ற விஷயத்துக்கு ஒரே வரி போதும். போலீஸோ அமலாக்கத் துறையோ சந்தேகப்பட்டால் கணக்கை முடக்குவார்கள். உங்கள் பணத்தை எடுத்து இன்னொரு கணக்கில் போடு, சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம் என்று சொல்ல நம் நாட்டில் எந்த அதிகாரிக்கும் எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது படித்தவர்கள் ஏன் விழுகிறார்கள்? பேராசை என்று சிலர் சொல்வார்கள். சீட்டுக் கம்பெனி விவகாரத்தில் அப்படிச் சொல்லலாம். இதில் பேராசைக்கு இடமே இல்லை. அத்தான் ஒரு பைசா லாபத்துக்கு ஆசைப்படவில்லை. பயந்தார். அந்தப் பயத்துக்கு இரண்டு வேர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று மொழி. உண்மைச் சட்டமும் நமக்கு அந்நிய மொழியில்தான் இருக்கிறது. மெக்காலே தலைமையில் 1837-ல் நகல் எழுதி, 1860-ல் நிறைவேற்றி, 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தை நம் மக்கள் எப்படிச் சொந்தமாக்கினார்கள் தெரியுமா? எண்களாக. ஏமாற்றுக்காரனை நானூத்தி இருபது என்றோம். 302 என்றால் கொலை, 307 என்றால் கொலை முயற்சி என்று டீக்கடையில் உட்கார்ந்தவருக்கும் தெரியும். சித்திரைத் திருவிழாவில் தகராறு வந்தால் "144 போட்ருவாங்க" என்பார்கள். ஜாமீன், வாய்தா, ஜப்தி, மகஜர், ஆஜர் எல்லாம் வேறு மொழியிலிருந்து வந்து நம் சொல்லாகிவிட்டன. 160 வருஷத்தில் அந்தச் சட்டத்துக்கு ஒரு மதுரைத் தமிழ் உண்டாகிவிட்டது.

2024 ஜூலையில் எண்கள் ஒரே நாளில் மாறின. 511 பிரிவுகள் 358 ஆகின. எனவே 420 என்ற பிரிவே இப்போது கிடையாது. ஏமாற்றுதல் 318-க்குப் போய்விட்டது. கொலை 103. பழைய 302-ன் இடத்தில் இப்போது மத உணர்வைப் புண்படுத்தும் சொற்களுக்கான பிரிவு உட்கார்ந்திருக்கிறது. 144 இன்னும் வேடிக்கை. தடை உத்தரவு 163 ஆகிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 144, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வயதான பெற்றோருக்கும் ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு. இனிமேல் அப்பா மகனைப் பார்த்து "144 போட்ருவேன்" என்று சொன்னால் அதற்கு வேறு அர்த்தம்! (2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அதனால் கோர்ட்டில் இன்னும் பல வருஷம் இரண்டு எண்களும் ஓடும்.)

பெயர்களும் மாறின. பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம். நியாயமும் சாட்சியமும் நமக்குப் புரிகிறது. "நாகரிக்" என்பதற்கு இந்தியில் குடிமகன் என்று பொருள். தமிழ்க் காதில் அது நாகரிகம் என்று விழுகிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்தி தெரியாது, பழைய பெயர்களையே சொல்லப் போகிறேன் என்று 2024 ஜனவரியில் நீதிமன்றத்திலேயே சொன்னார். நீதிபதிக்கே அப்படியென்றால் அத்தானுக்கு? இந்தியில் ஒரு பெயர், இங்கிலீஷில் ஒரு உத்தரவு, ஒரு பிரிவு எண் என்று சேர்த்துச் சொன்னால் உண்மைச் சட்டத்துக்கும் பொய்ச் சட்டத்துக்கும் காதில் வித்தியாசம் தெரிவதில்லை. மாற்றம் சரியா தவறா என்ற அரசியலுக்கு இந்த மேடையில் நான் போகவில்லை. ஆனால் சட்டத்தின் மொழி எவ்வளவு தூரம் விலகுகிறதோ, அவ்வளவு தூரம் மோசடிக்காரனுக்கு இடம் கிடைக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இன்னொரு வேர் பழையது. நம்மைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மணிக்கு ஒருதரம் ஆஜர் சொல்லச் சொன்னார்கள் என்று அத்தான் சொன்னபோது எனக்குக் குற்றப் பரம்பரைச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. நம் பக்கத்து மக்கள் அதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. ரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றமாக்கி, கைரேகை எடுத்து, ராத்திரியில் ஆஜராகச் சொன்ன சட்டம். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அது பொய்ச் சட்டம் இல்லை. அரசிதழில் வந்த சட்டம். சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்க 1947 வரை ஆனது.

அதனால், "உண்மையான போலீஸ் இப்படியெல்லாம் நடந்துகொள்ளாது, ஏன் பயப்படுகிறீர்கள்" என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. காக்கிச் சட்டை சொன்னால் கேள்வி கேட்காதே என்பது இந்த மண்ணில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். அதைத்தான் அந்த நாட்டுக்காரர்கள் காசாக்குகிறார்கள்.

அவர்கள் யார்? கம்போடியா, மியான்மர், லாவோஸ் எல்லைப் பக்கங்களில் மதில் கட்டிய வளாகங்களிலிருந்து இந்தத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. போன் பேசுகிறவர்களில் பலர் வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போகப்பட்டவர்கள். 2022-ல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். உங்களை மிரட்டுகிறவனையும் பின்னால் நின்று ஒருவன் மிரட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் பணம் முதலில் போய் விழுவது நம் நாட்டு வங்கிக் கணக்குகளில்தான். கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். கணக்கைக் கொடுத்தவனைத் தேடித்தான் போலீஸ் முதலில் வரும். அந்தக் கைது உண்மையான கைது.

ஹரியானாவில் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி ஒரு கோடிக்கு மேல் இழந்துவிட்டு எழுதிய கடிதத்தை வைத்து, உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாகவே வழக்கு எடுத்தது. டிசம்பர் 1 அன்று சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. தன் முத்திரையையே போலியாகப் போட்டிருக்கிறார்கள் என்பதால் கோர்ட்டுக்குக் கோபம். நியாயமான கோபம்.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தாலே பொய் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். புதிய சட்டத்தில் கோர்ட் சம்மன், முத்திரையின் படத்தோடு மின்னணு வடிவிலும் வரலாம். வீடியோவில் விசாரணையும் நடக்கலாம். ஆனால் விசாரணைக்கு வா என்று போலீஸ் கொடுக்கும் 35-வது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட் சம்மன் என்று ஏதாவது வந்தால் அதில் கோர்ட் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் காகிதத்தோடு மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். உண்மையான சம்மன் ஒருநாளும் "போனை வைக்காதே" என்று சொல்லாது. நாள் குறித்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். எங்கள் ஆட்களைத் தெரியாதா? அவசரப்படுவது எங்கள் பழக்கத்திலேயே இல்லை.

அத்தான் அறைக்குள் நான் போனபோது அவர் வாயில் விரல் வைத்து வெளியே போகச் சொன்னார். நான் போனைக் கையில் எடுத்துத் தமிழில் கேட்டேன்: "எந்த ஸ்டேஷன்? கிரைம் நம்பர் என்ன? எந்த மாஜிஸ்திரேட் முன்னாடி எத்தனை மணிக்குக் காட்டுறீங்க?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வீடியோ அணைந்தது. அவ்வளவுதான். இரண்டு நாள் சிறை அந்த மூன்று கேள்வியில் முடிந்தது.

உடனே 1930-க்கு அடித்தோம். பணம் போன முதல் சில மணி நேரம்தான் முக்கியம், கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் வழியில் நிறுத்தி வைக்கலாம். நாங்கள் தாமதம். கொஞ்சம்தான் நின்றது. எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்க வேண்டாம், எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே, 173-வது பிரிவில் இருக்கிறது. புகாரை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். "மிரட்டி வாங்கினார்கள்" என்று நீங்கள் சொன்னது "கொடுத்துவிட்டேன்" என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிரிவு எண் போலீஸ் வேலை. என்ன நடந்தது என்ற சொல் உங்களுடையது.

அத்தான் இப்போது நன்றாக இருக்கிறார் என்று சொல்ல ஆசை. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் இதைத்தான் கேட்கிறார்களோ என்று ஒதுங்குகிறார். தலைமை ஆசிரியரே ஏமாந்துட்டாரே என்று யாரோ சிரித்தது காதில் விழுந்துவிட்டது. இங்கே இருக்கிற யாருக்காவது இப்படி நடந்திருந்து, வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருந்தால், கூட்டம் முடிந்து என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு நான் கூட வருகிறேன்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். ஐந்து நிமிடம் கொடுங்கள் சார். எல்லோரும் செல்போனை எடுங்கள். 1930, 15100 இரண்டையும் இப்போதே பதியுங்கள். பதியத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.